ஊளையை நிறுத்தியவன்

தையல்நாயகியின் குரல் செங்காட்டிருப்பை விட்டுப் போனது ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கு மறுநாள் காலை, வீடுகளில் இட்லிச் சட்டி அடுப்பில் ஏறுகிற நேரத்தில். அதைப் போகச் சொன்னவன் நான். அம்மன் எடுத்துக்கொண்டாள் என்றார்கள், தொண்டையில் ஏதோ கட்டி என்றார்கள், அந்தப் பெண் வைராக்கியமாக வாயைப் பூட்டிக்கொண்டாள் என்றார்கள். அடுத்த ஆறு மாதமும் ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சலிக்காத என் ஊர் ஜனங்கள், கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மதியழகன் என்கிற என் பெயரை மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். ஆகவே அமாவாசைக்கு அமாவாசை கூடிக்கொண்டிருந்த ஊர்க்கூட்டத்தை, வளைகுடாவில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால் மாதத்தின் முதல் வெள்ளி நாலு மணிக்கு மாற்றி, சமுதாயக் கூடத்துச் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, கீழே ஒரு கம்ப்யூட்டர் வைத்து, நாட்டாண்மை கலியபெருமாளின் நாற்காலிக்கு வலதிலும் இடதிலும் தோள் உயரத்துக்கு ஸ்டூல் போட்டு, ஸ்டூலுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர்களை உட்காரவைத்தார்கள். உட்காரவைத்தார்கள் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். வலது ஸ்பீக்கர் வளைகுடாக்காரர்களுடையது, இடது ஸ்பீக்கர் சிங்கப்பூர்க்காரர்களுடையது என்று யாரும் சொல்லாமலே ஊர் முடிவு செய்துகொண்டது. அந்தந்த வீட்டுப் பெண்கள் அந்தந்தப் பக்கமே உட்கார்ந்தார்கள், ஆயுத பூஜைக்கு இரண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். எல்லார் குரலும் இரண்டிலும்தான் வருகிறது என்று நான் விளக்கியதை, சின்னப் பையன் சாமியில்லை என்று பேசுவதைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். இடது பக்கம் ஒலி கொஞ்சம் இறங்கியிருந்ததை ஒருநாள் கண்டுபிடித்து, செட்டிங்கில் இரண்டு பக்கத்தையும் நான் சமமாக்கியபோது, சிங்கப்பூர்க்காரர்கள் வீடுகளிலிருந்து எனக்கு ஒரு தார் பூவன் பழம் வந்தது.

அந்த ஸ்பீக்கர்களுக்கு நான் செய்யாத வேலையில்லை, அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒலியை அழகாக்குகிறேன் பேர்வழி என்று கம்ப்யூட்டர் தானாகச் சேர்க்கிற ஜோடனைகளையெல்லாம் அணைத்தேன். சுவரை ஒட்டியிருந்த ஸ்பீக்கர்களை ஒரு முழம் முன்னால் இழுத்து, மூலையில் முட்டிக் குமுறுகிற சத்தத்தைக் கழித்தேன். ஸ்டூலின் அதிர்வு ஒலியில் கலக்காமல் இருக்க, பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடியில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்தவர்களுக்குக் கீழே செருப்பா என்று யாரும் சண்டைக்கு வராதபடி அதன்மேல் பட்டுத்துணி சுற்றினேன். அப்புறம், பாலைவனத்து அறையில் இருக்கும் ஆள் தண்ணீர் குடித்தால் தொண்டை இறங்குகிற சத்தம் இங்கே கடைசி வரிசைக்குக் கேட்டது, அவன் பெண்டாட்டி தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டாள்.

தையல்நாயகி பேசும்போது மட்டும் ஊளை வந்தது.

எங்கள் கூட்டத்துக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முன்னொரு காலத்தில் மொட்டைக் கடுதாசி ஒன்று ஊரை இரண்டாகப் பிளந்துபோட்டதால், வாயால் சொன்னதுதான் கூட்டத்தில் சேரும், எழுதிக் கொடுத்தது சேராது, ஒருத்தர் கேள்வியை இன்னொருத்தர் கேட்கவும் கூடாது என்பது ஒன்று. காதில் விழுந்த கேள்விக்கு, கேட்கப்பட்டவர் பதில் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது, குத்துவிளக்கு எரிகிற இடத்தில் பொய்யும் சொல்லக் கூடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது சட்டத்துக்கு ஊர் பயந்தது உண்மை. பதில் சொல்லப் பிடிக்காதவர்கள் கூட்டத்துக்கு வராமல் இருப்பார்களே தவிர, வந்து பொய் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

தையல்நாயகியின் புருஷன் தியாகராசு, என் அண்ணன் முருகையனோடும் கீழத்தெரு வெற்றிச்செல்வனோடும் ஒரே விமானத்தில் போய், ஒரே கம்பெனியில், ஒரே அறையில் இருந்தவர். போய் எட்டாவது மாதம் அவரிடமிருந்து போன் நின்றுபோனது. கம்பெனியைக் கேட்டால் வேலையை விட்டு ஓடிப்போன ஆள் என்றது. அப்போதிருந்து இரண்டு வருஷமாக ஒவ்வொரு முதல் வெள்ளியும் அவள் எழுந்து, குத்துவிளக்குக்கு முன்னால் இருக்கும் மைக்குக்கு வந்து, டிவியில் தெரியும் அந்த இருவரையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"முருகையா, வெற்றி, ஒங்கள்ல யாருப்பா அவுகள கடைசியா பாத்தது?"

கேள்வியின் பாதியிலேயே ஊளை கிளம்பிவிடும். மைக்கில் பேசுவது கூடத்துக்கும் கேட்கவேண்டும், கடல் தாண்டியும் கேட்கவேண்டும் என்பதற்காக நான் மைக்கை ஸ்பீக்கர் வழியாகவும் திருப்பி விட்டிருந்தேன். மற்றவர்களுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவள் குரல் கொஞ்சம் உச்சமான, ஊசிமாதிரியான குரல். மைக்குக்குள் போய், ஸ்பீக்கரில் வந்து, நேர் எதிரே இருந்த மைக்குக்குள்ளேயே மறுபடியும் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருத்து, நாய் பத்து சேர்ந்து ஊளையிடுவதுபோலக் கூடத்தைக் கிழிக்கும். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழும். டிவியில் வெற்றிச்செல்வன் கையை விரிப்பான். "ஒண்ணும் கேக்கலக்கா. சத்தமாத்தான் வருது." காதில் விழாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவள் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஆனி மாதத்துக் கூட்டம் முடிந்த மறுநாள் நாட்டாண்மை என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்டா மதி, அடுத்த கூட்டத்துல இந்த ஊளை வரக்கூடாது. எம் பேத்திக்கு ராத்திரி முச்சூடும் காய்ச்சல்."

"ஸ்பீக்கர முன்னால கொண்டாந்து, மைக்கு அதுக்குப் பின்பக்கம் வர்ற மாரி திருப்பி வச்சா நின்னுடுங்க."

"முன்னாலன்னா?"

"ஒங்க நாற்காலிக்கு முன்னாலங்க. நீங்க அதுக்குப் பின்னால ஒக்காரணும்."

அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூட நான் வாதம் செய்திருப்பேன். "ஊரு என்னா சொல்லும்?" என்று மட்டும் கேட்டார். "வேற வழி இருக்கும்டா. நீ படிச்சவன்."

வேறு வழி இருந்தது. கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் என்று ஒன்று உண்டு. ஒலியைத் தடித்ததிலிருந்து மெல்லியதுவரை பத்தாகப் பிரித்து, பிரிவுக்கு ஒரு குச்சி வைத்திருப்பார்கள்; ஏற்றினால் அந்தப் பங்கு கூடும், இறக்கினால் குறையும். ஊளை எந்தக் குச்சியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் அடிவரைக்கும் இறக்கிவிட்டால் தீர்ந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் பழைய கூட்டங்களின் பதிவுகளைக் கடைக்கு எடுத்துவந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஊளையை மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். ஊளையின் மற்ற பாகங்களை ஒவ்வொன்றாகத் தணித்துக்கொண்டே வந்தபோது, அதன் அடியில், கூடத்தில் காதைப் பொத்திக்கொண்டிருந்த யாருக்கும் கேட்டிருக்க முடியாத இரண்டு குரல்கள் இருந்தன.

ஒன்று என் அண்ணனுடையது. "சொல்லிடலாம்டா வெற்றி. எனக்கு காய்ச்சல்னு எம் பாச மாட்டிக்கிட்டு போயி வெயில்ல விழுந்து செத்தான். அவ மூஞ்சியப் பாக்க முடியலடா."

மற்றது வெற்றிச்செல்வனுடையது. "பாச கழட்டி எடுத்தது நான். நாம ரெண்டு பேரும் உள்ள போவணுமா? கேக்கலன்னு சொல்லு. வாய மூடு."

நான் அதை ஆறு தடவை கேட்டேன். தியாகராசு ஓடிப்போகவில்லை. என் அண்ணனுக்குப் பதிலாக, என் அண்ணன் பெயர் போட்ட கம்பெனி பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்ச் செத்திருக்கிறார். பாஸைக் கழற்றிவிட்டதால் பெயர் தெரியாத ஆளாக அந்த ஊர் மண்ணுக்குள் போயிருக்கிறார். இந்த ஊளை மட்டும் இல்லையென்றால், அவள் கேள்வி ஒரே ஒரு தடவை முழுசாக அவன் காதில் விழுந்திருந்தால், என் அண்ணன் சொல்லியிருப்பான், சொல்லிவிடத் தவித்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஜெயிலுக்கும் போயிருப்பான். போன தீபாவளிக்கு இரண்டு கூட்டத்துக்கு நடுவில் இருபது நாள் லீவில் வந்துபோயிருந்தான், வீட்டில் அவன் பெண்டாட்டி நிறைமாசமாக இருந்தாள்.

நாற்காலியை நகர்த்தச் சொல்லி நாட்டாண்மையிடம் இன்னொரு தடவை கேட்டிருந்தால் அவர் கடைசியில் ஒத்துக்கொண்டிருப்பார், அவர் கெட்டவர் இல்லை. நான் கேட்கவில்லை. ஆடி முதல் வெள்ளி மதியம் கூடத்துக்குப் போய், ஊளை இருந்த ஏழாவது குச்சியை மௌஸால் பிடித்து அடிவரைக்கும் இழுத்து, சேமி என்று அழுத்தினேன்.

நாலு மணிக்கு அவள் எழுந்து வந்து கேட்டாள். ஊளை வரவில்லை. அவள் குரலும் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. டிவியில் வெற்றிச்செல்வன் வழக்கம்போலக் கையை விரித்தான். கூடம் ஊளை இல்லாத சந்தோஷத்தில் கைதட்டியது, நாட்டாண்மை என் முதுகில் தட்டிக்கொடுத்தார், மறுநாள் காலை தையல்நாயகி பால்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தபோது அதில் ஒன்றுமே இல்லை.

நாகப்பட்டினத்து ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நாக்கு அசைந்தது, உதடு அசைந்தது, மூச்சு வந்தது. குரல் மட்டும் ஊருக்குள்ளும் இல்லை, ஊர் எல்லை தாண்டிய பஸ்ஸிலும் இல்லை. குரல் போன அன்றைக்கே செங்காட்டிருப்பில் எந்த வீட்டிலும் குக்கர் விசில் கேட்காமல் போனது. ஆவி சீறிக்கொண்டு வெளியே வந்தது, வெயிட் குதித்தது, சத்தம் இல்லை. ஊர் முழுக்க ஒரு வாரம் பருப்பு கருகியது. அதுவும் அந்த ஏழாவது குச்சியில்தான் குடியிருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் என் கடைக்கு வந்த பெண்கள் பதினோரு பேர் குக்கரைப் பற்றிப் புலம்பினார்கள், இரண்டு பேர் தையல்நாயகியைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு ஊர் பழகிக்கொண்டது, எங்கள் ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். குக்கர் பக்கத்தில் நின்று வெயிட் எத்தனை தடவை குதிக்கிறது என்று எண்ணினார்கள், அப்படி நிற்கிறபோது பக்கத்து வீட்டோடு ஜன்னல் வழியாகப் பேசி, இரண்டு பழைய பகைகள் தீர்ந்தன. தையல்நாயகியின் உதட்டைப் பார்த்தே அவள் சொல்வதைப் புரிந்துகொள்ள முதலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், அப்புறம் ரேஷன் கடைக்காரர், அப்புறம் பஸ் கண்டக்டர். "அக்கா வாயத் தெறந்தாலே நமக்கு அத்துப்படி" என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை பேசினார்கள். அவள் ஆடுகளுக்கு மட்டும் உதடு படிக்கத் தெரியவில்லை. அவற்றைக் கூப்பிட எதிர் வீட்டுக்காரர் பித்தளைத் தாம்பாளம் ஒன்றைக் கொடுத்தார். பிறகு, முன்னைக்கு இப்போது அவள் முகத்தில் ஒரு சாந்தம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அது பரவியது. வெள்ளிக்கிழமைகளில் சில பெண்கள் அவள் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். கூட்டத்தில் அவள் எழுந்து மைக்குக்கு வந்தால், கூடம் மரியாதையாக அமைதியாகும். அவள் உதடு அந்தக் கேள்வியைக் கேட்கும். முன்வரிசைப் பிள்ளைகள்கூட அதைப் படித்துவிடுவார்கள். வாயால் சொன்னதுதான் சேரும் என்பதால் அது சேராது. நாட்டாண்மை தலையை ஆட்டி, "ஒக்காரும்மா" என்பார், அன்பாகத்தான் சொல்வார்.

அண்ணன் ஆடி மாதமே போன் செய்தான்.

"டேய் மதி, தையலுக்கு என்னாடா ஆச்சு? கொரலே வரல."

"நான்தாண்ணே நிப்பாட்டுனேன். ஊளைக்கு அடியில நீங்க ரெண்டு பேரும் பேசுனத ரெக்கார்டுல கேட்டேன். நீ ஒண்ணும் சொல்லாத. அண்ணி இருக்குற நெலமைல வேணாம்."

அங்கே ஒரு ஏசி ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் அவன் குரல் வந்தது.

"இதுக்கு நான் ஒன்ன நல்லவன்னு சொல்லணுமா, கெட்டவன்னு சொல்லணுமாடா?" என்று கேட்டான். பிறகு வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு கூட்டங்களில் அவன் டிவியில் தெரிவான், தன் மைக்கை அணைத்துவைத்துவிட்டு வெற்றிச்செல்வனிடம் ஏதேதோ பேசிக்கொண்டிருப்பான். மைக் அணைந்திருந்தால் யாருக்கும் கேட்காது என்பது எல்லாரும் அறிந்ததுதான். தையல்நாயகி இப்போதெல்லாம் முன்வரிசையில், வலது ஸ்பீக்கருக்கு நேராக உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இதையும் நான்தான் நினைத்தேன்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை நேரம் அவள் என் கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் யாரும் இல்லை. தன் பழைய போனை என்முன் வைத்தாள். தியாகராசு அனுப்பிய குரல்பதிவு ஒன்று அதில் இருந்தது, போன் ஸ்பீக்கர் கிழிந்துபோனதால் கரகரப்பாக வந்தது. அவள் உதடு அசைந்தது. *கொஞ்சம் தெளிவா கேக்க முடியுமா தம்பி?*

எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான், ஆகவே அதை முழு மனதோடு செய்தேன். மேசையில் இருந்த என் இரண்டு ஸ்பீக்கர்களையும் சுவரை விட்டு நகர்த்தி, அவள் காது உயரத்துக்குக் கீழே புத்தகங்களை அடுக்கி, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரமோ அவளுக்கும் அவ்வளவே தூரம் இருக்கும்படி நாற்காலியைப் போட்டு, இரண்டின் முகத்தையும் அவளைப் பார்த்துத் திருப்பி, அவளை உட்காரச் சொன்னேன். அப்படி உட்கார்ந்தால் குரல் இரண்டு பெட்டியிலும் இல்லாமல் நடுவில், ஆள் எதிரே நிற்கிறதுபோல நிற்கும். பட்டனைத் தட்டினேன். தியாகராசு என் கடைக்குள் வந்து நின்றார்.

"தையலு, சாப்ட்டியா? இங்க இன்னிக்கு ரசம் வச்சோம், ஒன் ரசம் மாரி இல்ல. ஆட்ட வித்துடாத, நான் வந்து பாத்துக்குறேன். என்னா பேச்சயே காணும்? கோவமா? ம்-ன்னாச்சும் சொல்லு."

அந்தப் பதிவு எடுத்தபோது அவள் மறுமுனையில் இல்லை, அது அவர் தனியாகப் பேசி அனுப்பியது. ஆனாலும் கோவமா என்று அவர் கேட்ட இடத்தில் ஒரு இடைவெளி விட்டிருந்தார், அந்த இடைவெளியில் என் எதிரே உட்கார்ந்திருந்த அவள் உதட்டை மூடி, தொண்டையை அசைத்து, ம் என்று சொல்லப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி ஓடவிடச் சொன்னாள், மறுபடியும் அதே இடத்தில் சொல்லப் பார்த்தாள். நாலு தடவை. அவள் முகம் அழுகிற முகமாக இருந்தது, அதற்கும் சத்தம் வரவில்லை, கண்ணீர் மட்டும் வந்தது. நான் காபி வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனேன். கோழைப் பயல் நான், காபிக் கடை வாசலில் அரைமணி நேரம் நின்றேன், திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அவள் காசு வைத்துவிட்டுப் போகவில்லை என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன், அந்த ஒன்றையாவது என்னிடமிருந்து சும்மா வாங்கிக்கொண்டாளே என்று.

தை முதல் வெள்ளி மதியம் சமுதாயக் கூடத்தைத் திறந்து உள்ளே போனேன். ஸ்டூல் இரண்டையும் தூக்கி, நாட்டாண்மை நாற்காலிக்கும் குத்துவிளக்குக்கும் முன்னால் கொண்டுவந்து, மைக் ஸ்பீக்கர்களின் முதுகுப்பக்கம் வருகிறபடி ஜனங்களைப் பார்த்து வைத்தேன். ஒயர் போதவில்லை, கடையிலிருந்து நீளமானது கொண்டுவந்து மாற்றினேன். மைக்கின் ஒலி அளவைப் பாதியாகக் குறைத்தேன். கால்மணி நேர வேலை. ஆறு மாதத்துக்கு முன்னால் செய்திருந்தாலும் அதே கால்மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

நாட்டாண்மை வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னாடா இது? என்ன பொட்டிக்குப் பின்னால ஒக்கார வச்சிருக்க?"

"இல்லாட்டி ஊளை வருங்க."

"ஆறு மாசமா வரலியேடா?"

"இனிமே வருங்க" என்றேன். "தயவு செஞ்சு ஒக்காருங்க. கால்ல வேணாலும் விழுறேன்."

அவர் என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, பின்னால் போய் உட்கார்ந்தார். கூடம் நிறைந்தது. டிவியில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன, சிங்கப்பூரில் சாயங்காலம், வளைகுடாவில் சுள்ளென்ற வெயில், அண்ணனும் வெற்றிச்செல்வனும் ஒரே கட்டிலில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் ஏழாவது குச்சியை மௌஸால் பிடித்து மேலே ஏற்றினேன். கூடத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் நீளமாக அடித்தது. பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு குழந்தை பயந்து வீரிட்டது.

தையல்நாயகி எழுந்தாள். இந்தத் தடவை அவள் மைக்கை நோக்கி நடக்கும்போதே என் அண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்தேன். அவன் சொல்லத் தயாராகிவிட்டான். ஊரும், அவள் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தது. அவள் தொண்டையைச் செருமினாள், செருமல் இரண்டு ஸ்பீக்கரிலும் சுத்தமாக வந்தது, ஒரு முனகல்கூட இல்லை. அவள் டிவியைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"மதித் தம்பி. அவுக போயி சேந்துட்டாகன்னு எனக்குத் தெரியும். மைக்க அணைச்சிட்டு இவங்க ரெண்டு பேரும் பேசுன வாயப் பாத்துப் பாத்து, பொரட்டாசிலயே தெரிஞ்சுகிட்டேன், நீ ரெக்கார்டுல கேட்டதயும் சேத்து. அத நான் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். நீ ரெக்கார்டுல கேட்டது, எங் கொரல நிப்பாட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேள்வி என் காதில் விழுந்தது. எல்லார் காதிலும் விழுந்தது, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் காதிலும்.

"முன்னாடிக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கடைக்காரர் மறுபடி சொல்லும்போது ஆட்டுவோமே, அந்த மாதிரி. பிறகு மைக்குக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து முடியை முன்னால் போட்டு, புருஷன் செத்த சேதி தெரிந்த நாலு மாதமாக அழ ஒரு குரல் இல்லாமல் வைத்திருந்த அழுகையை, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ரசம் வைத்ததைச் சொல்லி, ஆட்டை விற்காததைச் சொல்லி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். வலது பக்கப் பெண்களும் இடது பக்கப் பெண்களும் எழுந்து ஓடி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். டிவியில் அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான், வெற்றிச்செல்வன் கட்டிலில் இல்லை.

அவள் குரலில் ஊளை கலக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, சொல்லுக்கு நடுவில் அவள் மூச்சை இழுப்பதுகூடத் தனியாக, கூடத்தின் கடைசி வரிசைக்கும் வாசலுக்கும் தெருவுக்கும் போனது. நாட்டாண்மை பின்னாலிருந்து எட்டி என் தோளைத் தொட்டு, கையைத் தாழ்த்திக் காட்டினார், சத்தத்தைக் கொஞ்சம் குறை என்று. அவருக்கும் கண் கலங்கியிருந்தது, தாங்க முடியாமல்தான் சொன்னார். நான் குறைக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.